அட்டாலியில் கிடக்கும் மருந்து பாட்டில்: தேடுவது, காலம் கணிப்பது, ஊரைக் கண்டுபிடிப்பது

பழைய மருந்து பாட்டில் கைக்கு வந்ததும் பலரும் நேராகக் குழாயடிக்குத்தான் ஓடுகிறார்கள். அங்கேயே பாதி விவரம் போய்விடுகிறது. லேபிள் கரைகிறது, கார்க் உதிர்கிறது, அடியில் காய்ந்திருந்த மருந்துக் கறை சாக்கடையில் சேர்கிறது. கழுவுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு துண்டுச் சீட்டில் எந்த ஊர், யார் வீடு, வீட்டில் எந்த இடம், பக்கத்தில் வேறென்ன கிடந்தது, என்றைக்கு எடுத்தது என்று எழுதி நூலால் பாட்டில் கழுத்தில் கட்டுங்கள். ரப்பர் பேண்ட் வேண்டாம். ஒரே கோடையில் உருகி லேபிளோடு ஒட்டிக்கொள்ளும்.

எங்கே தேடுவது

கொங்குப் பகுதியில் நல்ல சரக்கு கடைகளைவிட வீடுகளில்தான் அதிகம். நடுவே திறந்த முற்றமுள்ள தொட்டிக்கட்டு வீடுகளை இடிக்கும்போதும் ஓடு பிரிக்கும்போதும் அட்டாலியிலிருந்து, அதாவது பரணிலிருந்து, சாக்கு மூட்டையாக இறங்கும். மாட்டுக் கொட்டகையின் சுவர் மாடத்தில் கால்நடை மருந்து பாட்டில்கள் இருக்கும். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத் தோட்டங்களில் இதைக் கேட்காமல் திரும்பாதீர்கள். ஓய்வுபெற்ற கம்பவுண்டர் வீடு, மூடிப்போன மருந்துக் கடையின் பின்கட்டு, நாட்டு வைத்தியர் குடும்பத்துப் பெட்டகம் ஆகிய மூன்றிலும் பாட்டிலோடு சீட்டு, கணக்கு நோட்டு, காலி லேபிள் கட்டு எல்லாம் சேர்ந்தே கிடைக்கும். பாட்டிலைவிட அந்த லேபிள் கட்டுக்கே மதிப்பு அதிகம்.

பழைய இரும்புக் கடைகளில் கண்ணாடிக்கு எடைக்கு விலை. வாரத்துக்கு ஒருமுறை போய், “மருந்து பாட்டில் வந்தா உடைக்காம எடுத்து வைங்க” என்று சொல்லி, எடை விலைக்கு மேல் கொஞ்சம் போட்டுக் கொடுத்தால் போதும். புன்செய் புளியம்பட்டி, பொள்ளாச்சி மாதிரி பெரிய சந்தைகளின் ஓரத்தில் பழைய சாமான் விரிப்பவர்களிடமும் பார்க்கலாம். ஆனால் அவர்களுக்குப் பாட்டில் எந்த ஊரிலிருந்து வந்தது என்பது பெரும்பாலும் நினைவிருக்காது. ஊர் தெரியாத பாட்டில் அழகாக இருந்தாலும் நம் வேலைக்கு அரைப் பயன்தான்.

வால்பாறைப் பக்கம் தனிக் கதை. எஸ்டேட் டிஸ்பென்சரிகளுக்கு மருந்து மொத்தமாக வந்ததால் அங்கே பெரிய பழுப்பு ஸ்டாக் பாட்டில்கள் வரும். மலேரியா பிடித்த மலை அது. ‘சின்கோனா’ என்று ஒரு ஊர்ப்பெயரே அங்கே இருக்கிறது. கொய்னா மருந்துக்காக அரசாங்கம் சின்கோனா மரம் வளர்த்த இடம். நீலகிரியில் நடுவட்டத்தில் கொய்னா தொழிற்சாலையே இருந்தது. ஆகவே ‘குவினைன்’ (கொய்னாதான்) என்று எழுதிய பாட்டில் கிடைத்தால் அது சீமைச் சரக்கு என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள்.

தோண்டுவதற்குப் போகும் முன் சட்டத்தைப் பாருங்கள். பட்டா நிலமானால் உரிமையாளர் அனுமதி வேண்டும். காப்புக் காட்டுக்குள் எதையும் எடுக்கக் கூடாது. கொடுமணல் போன்ற தொல்லியல் இடங்களின் அருகே கடப்பாரையே ஆகாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணுக்குள் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கிணறு தூர்வாரும்போது தானாக மேலே வரும் பாட்டில்களை வாங்கிக்கொள்வது இந்தத் தொல்லைகளைவிட எவ்வளவோ மேல்.

உள்ளே ஏதாவது இருந்தால்

மூடி இறுகிய பாட்டிலில் திரவமோ பொடியோ மிச்சமிருந்தால் திறக்காதீர்கள், முகராதீர்கள், ருசி பார்ப்பது பேச்சுக்கே இடமில்லை. ஆங்கில மருந்துக் கடைச் சரக்கில் ஸ்ட்ரிக்னைன், கார்பாலிக் அமிலம், பாதரச உப்புகள் சாதாரணம். நாட்டு மருந்துக் குப்பிகளில் வீரம், பூரம், லிங்கம், தாளகம், மனோசிலை இருக்கும். முதல் மூன்றும் பாதரசம், பின்னிரண்டும் ஆர்சனிக். மஞ்சள் படிகம் காய்ந்து ஒட்டிய பாட்டிலில் ‘பிக்ரிக்’ என்ற எழுத்து தெரிந்தால் அதை அசைக்கவே கூடாது. தீப்புண்ணுக்குப் போட்ட மருந்துதான், ஆனால் உலர்ந்தால் வெடிக்கும். ஈதர் பாட்டிலும் வயதானால் அப்படித்தான். அந்த இடத்தை விட்டு விலகி, தீயணைப்புத் துறைக்குச் சொல்லிவிடுங்கள். அபின் கலந்த டிங்சர் வகைகளுக்கு 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் குறுக்கே நிற்கும். பழம்பொருள் என்று சொல்லி வைத்துக்கொள்ள முடியாது.

மற்றவற்றைக் கையுறை போட்டு, நிமிர்த்தி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலோ ஒரு கல்லூரி வேதியியல் துறையிலோ ஆலோசனை கேளுங்கள். கிணற்று மேட்டில், வாய்க்காலில், குப்பைக் குழியில் கொட்டுவது கூடாது. பாதரசமும் ஆர்சனிக்கும் அங்கிருந்து எங்கும் போகாது.

கண்ணாடிக்கு ஒரு வயது, மருந்துக்கு ஒரு வயது

இதுதான் நம் பக்கத்தில் எல்லோரும் சறுக்குமிடம். சீமைப் புத்தகங்களில் உள்ள கணக்கை அப்படியே இங்கே போட்டால் தப்பாகும். இரண்டு காரணங்கள். ஒன்று, நம் ஊரில் காலி பாட்டிலை யாரும் எறிந்ததில்லை. கழுவி, வேறு மருந்து ஊற்றி, வேறு லேபிள் ஒட்டி, பத்து இருபது வருடம் சுற்றில் விட்டார்கள். பொது ஆஸ்பத்திரிக்கு வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுபோய்ச் சிவப்பு மருந்து வாங்கி வந்தார்கள். இரண்டு, வாயால் ஊதிச் செய்யும் முறையும் அரை இயந்திர முறையும் இந்தியாவில் வெகுகாலம் நீடித்தன. அமெரிக்காவில் ஓவன்ஸின் தானியங்கி இயந்திரம் 1903 வாக்கில் வந்தது என்பதால், கையால் செய்த வாய் உள்ள பாட்டிலெல்லாம் அதற்கு முந்தியது என்று இங்கே சொல்ல முடியாது.

ஆகவே கண்ணாடி சொல்வதைத் தனியாக எழுதுங்கள். வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் கண்ணாடியில் விழுந்த அச்சுக் கோட்டை விரல் நகத்தால் தொடர்ந்து போங்கள். கோடு கழுத்தோடு நின்று வாய் வழவழப்பாக இருந்தால் வாயைத் தனியே கருவியால் திருத்தியிருக்கிறார்கள். கோடு வாயின் மேல் ஏறி மறுபக்கம் இறங்கினால் இயந்திரம். அடியில் மையம் விலகிய, ஓரம் பிசிறிய வட்டத் தழும்பு இருந்தால் உருகிய கண்ணாடியை உறிஞ்சி எடுக்கும் வகை இயந்திரம். அடியின் நடுவே கரடுமுரடான உடைப்புத் தழும்பு இருந்தால் ஊதி முடித்தபின் வாயைத் திருத்துவதற்காக இரும்புக் கம்பியில் பிடித்த இடம். ‘யூ.ஜி.பி.’ (UGB) எழுத்து 1913-இல் உருவான இங்கிலாந்துக் கம்பெனிக் கூட்டுடையது. இந்திய ஆலைகளில் தளேகாவ் பைசா ஃபண்ட் ஆலை 1908-லும் ஓகலே ஆலை 1916-லும் தொடங்கியவை. ரப்பர் மூடி போட்ட சின்ன ஊசிமருந்துக் குப்பி பெரும்பாலும் பென்சிலின் காலத்துக்குரியது. புனே அருகே பிம்ப்ரியில் பென்சிலின் செய்த ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் தொடங்கியதே 1954-இல்தான்.

அளவை அளப்பது லேபிள் இல்லாத பாட்டிலுக்கு ரொம்பவும் உதவும். சமையலறைத் தராசில் காலி எடை பாருங்கள். பொறித்த குறி வரை தண்ணீர் ஊற்றி மறுபடி நிறுத்துங்கள். கூடிய கிராம்தான் மில்லி. ஒரு பிரிட்டிஷ் அவுன்ஸ் 28.4 மில்லி. 4 அவுன்ஸுக்கு 114, 6-க்கு 170, 8-க்கு 227 வரும். சரியாக 100, 200 என்று வந்தால் மெட்ரிக் அளவு. 1956 சட்டத்துக்குப் பின் படிப்படியாக வந்து 1962 வாக்கில் நிலைத்தது. அமெரிக்க அவுன்ஸ் 29.6 மில்லி என்பதால் 16 அவுன்ஸ் பாட்டிலில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பிரிட்டிஷ் என்றால் 455, அமெரிக்கா என்றால் 473.

ஆறு பட்டையோடு, விலாவில் வரிவரியாகத் தடவினால் தெரியும் நீலப் பாட்டில் விஷ மருந்துக்கானது. இருட்டில் கை பட்டாலே தெரியட்டும் என்று அப்படிச் செய்தார்கள். இப்போது அலங்காரத்துக்காகப் புதிதாகவும் வருகிறது. அடியைப் பாருங்கள். அலமாரியில் அம்பது வருடம் உரசிய பாட்டிலின் அடி விளிம்பில் பல திசையில் மெல்லிய கீறல்கள் இருக்கும். புதியதில் விளிம்பு பளபளக்கும், அல்லது உப்புத்தாள் தேய்த்ததுபோல் ஒரே திசையில் கோடு ஓடும்.

லேபிள் சொல்லும் தேதி

லேபிளில் ஆண்டு அச்சாகியிருப்பது அபூர்வம். சுற்றி வளைத்துத்தான் பிடிக்க வேண்டும். விலையில் ஆரம்பியுங்கள். 1957 ஏப்ரல் 1-இல் தசம நாணயம் வந்தது. அதற்கு முன் அணா. 1957 முதல் 1964 வரை ‘நயா பைசா’, ந.பை. என்று சுருக்கியிருக்கும். பிறகு வெறும் பைசா. அச்சான ‘12 அணா’வை அடித்துவிட்டு ரப்பர் ஸ்டாம்பில் ‘75 ந.பை.’ என்று குத்தியிருந்தால் அது தங்கம். பன்னிரண்டு அணாவுக்குச் சரியாக எழுபத்தைந்து நயா பைசா. பழைய லேபிள் கட்டைத் தீர்க்கும்வரை ஒட்டிய கடைக்காரர் 1957-க்குப் பிந்திய சில வருடங்களை நமக்குக் குறித்துக் கொடுத்திருக்கிறார்.

அடுத்து முகவரி. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. கோவைக்கு 641, பொள்ளாச்சி பக்கம் 642, ஈரோட்டுக்கு 638, கரூருக்கு 639, சேலத்துக்கு 636 என்று தொடங்கும். ‘மெட்ராஸ் ஸ்டேட்’ 1969 ஜனவரியில் தமிழ்நாடு ஆனது. கொங்கு மாவட்ட எல்லைகள் அடிக்கடி மாறியது நமக்கு நல்லதாகப் போயிற்று. கரூர் 1910 வரை கோயமுத்தூர் ஜில்லா, பிறகு திருச்சி ஜில்லா, 1995-இல் தனி மாவட்டம். கொள்ளேகால் 1956 வரை கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. ‘பெரியார் மாவட்டம்’ என்று இருந்தால் 1979-க்கும் தொண்ணூறுகளின் பிற்பகுதிக்கும் இடையில். ‘திருப்பூர் மாவட்டம்’ என்றால் 2009-க்குப் பிறகுதான், அதைப் பழசு என்று விற்க வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். ‘டிஸ்டிரிக்ட் போர்டு’ முத்திரை உள்ள ஆஸ்பத்திரிப் பாட்டில் மாவட்ட போர்டுகள் கலைந்த காலத்துக்கு, அதாவது ஐம்பதுகளின் கடைசிக்கு முந்தியது.

தமிழ் எழுத்து இன்னொரு தடயம். ‘காலை, மாலை இரு வேளை’ என்ற வரி எல்லா மருந்து லேபிளிலும் இருக்கும். அந்த லை, ளை இரண்டும் யானைத் தும்பிக்கைக் கொம்போடு இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சு என்று சாய்ந்து கொள்ளலாம். பழைய அச்செழுத்தைச் சிறு அச்சகங்கள் எண்பதுகளிலும் ஓட்டின என்பதால் இதை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள்.

உற்பத்தி லைசென்ஸ் எண் இருந்தால் 1940 மருந்துச் சட்டத்தையும் 1945 விதிகளையும் ஒட்டிய காலம் அல்லது அதற்குப் பின். சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கு அந்தச் சட்டம் வந்ததே 1964 திருத்தத்தில்தான். ஆகவே லைசென்ஸ் எண் போட்ட தைல பாட்டில் அதற்குப் பிந்தியது. நீரிழிவு முதல் குஷ்டம் வரை எல்லாம் தீரும் என்று அடித்துச் சொல்லும் லேபிள், அந்த மாதிரி விளம்பரங்களைத் தடுத்த 1954 சட்டத்துக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். சேலம்காரர்களுக்கு ஒரு குறிப்பு. 1937 அக்டோபரில் மதுவிலக்கு முதலில் வந்த ஜில்லா சேலம்தான். சாராயச் சத்துள்ள டானிக், அரிஷ்டம் பாட்டில்களைப் பார்க்கும்போது அதை மனதில் வையுங்கள்.

கம்பவுண்டர் கலந்து கொடுத்த மிக்சர் பாட்டிலில் லேபிள் இருக்காது. விலாவில் ஒட்டிய ஒரு காகிதப் பட்டைதான் இருக்கும், ஓரத்தில் கத்தரியால் வெட்டிய பற்களோடு. ஒரு பல் ஒரு வேளை. ஆறு பல் என்றால் மூன்று வேளை வீதம் இரண்டு நாளுக்கு. அழுக்கு என்று நினைத்துப் பலரும் சுரண்டிப் போடுவது இந்தப் பட்டையைத்தான்.

கழுவும் முறை

லேபிளோ பட்டையோ இருந்தால் தண்ணீரில் முக்கவே வேண்டாம். மெல்லிய பிரஷால் தூசி தட்டி, லேபிள் இல்லாத கண்ணாடிப் பகுதியை மட்டும் ஈரப் பஞ்சால் துடையுங்கள். எழும்பி நிற்கும் ஓரத்தை 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் மெதில் செல்லுலோஸ் கரைத்த பசையால் ஒட்டலாம். செல்லோடேப், லேமினேஷன், ஃபெவிக்கால் மூன்றும் ஆகாது. பழைய லேபிள்களில் மைதாப் பசை இருப்பதால் ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் அது விருந்து. வேப்பிலையைக் காகிதத்தின்மேல் படாமல் அலமாரி மூலையில் போட்டு, மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

வெறும் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில், சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு ஒரு நாள் ஊற வையுங்கள். குளிர்ந்த கண்ணாடியில் கொதிநீர் ஊற்றினால் கழுத்தில் விரியும். உள்ளே வெள்ளையாகப் படிந்த சுண்ணாம்புக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 15 கிராம் எலுமிச்சை உப்பு போட்டு நிரப்பி இரண்டு நாள் விடுங்கள். அதே நேரத்தில் பிளீச்சிங் பவுடர் பக்கத்தில் வரக் கூடாது, விஷவாயு வரும். அடியில் பிரஷ் எட்டாத இடத்துக்கு மெல்லிய செம்புக் கம்பியை மூன்று நான்கு மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டிப் போட்டு, பாதி தண்ணீர் விட்டுச் சுழற்றுங்கள், குலுக்காதீர்கள். மணலும் சாம்பலும் கண்ணாடியைக் கீறிவிடும். கடைசி அலசலுக்கு நம் போர் தண்ணீர் உதவாது. காய்ந்ததும் மறுபடி வெள்ளை பூக்கும். பேட்டரிக்கு ஊற்றும் வாலைவடி நீர் அரை லிட்டர் பத்துப் பாட்டிலுக்குப் போதும்.

எவ்வளவு கழுவினாலும் போகாத மங்கலும் வானவில் நிறமும் அழுக்கல்ல. மண் ஈரத்தில் கண்ணாடியின் காரச்சத்து கசிந்து மேல்தோல் கெட்டுப்போனது, அதற்கு வைத்தியம் இல்லை. சிலர் தேங்காயெண்ணெய் தடவி மினுக்கி விற்பார்கள். முகர்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

தேய்த்துப் பொருத்திய கண்ணாடி மூடி இறுகியிருந்தால் இடுக்கில் இரண்டு சொட்டு கிளிசரின் விட்டு ஒரு இரவு வையுங்கள். இது காலி பாட்டிலுக்கு மட்டும். மறுநாள் கழுத்தைச் சுற்றி வெதுவெதுப்பான துணி சுற்றி, மரக்கரண்டியால் எதிரெதிர்ப் பக்கம் மெதுவாகத் தட்டுங்கள். குறடு வைத்துத் திருகினால் கழுத்து கையோடு வரும். மூடியிலும் கழுத்திலும் ஒரே எண் கீறியிருந்தால் அவை ஜோடி. கழற்றி வைக்கும்போது மாற்றிவிடாதீர்கள்.

ஊரைத் தொடர்வது

லேபிளின் கீழ் விளிம்பைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். அச்சகத்தின் பெயரும் ஊரும் எறும்பு எழுத்தில் இருக்கும். சிவகாசி என்றால் பெரிய கட்டு அடித்திருக்கிறார்கள், வியாபாரம் பரவலாக இருந்திருக்கிறது. உள்ளூர் அச்சகம் என்றால் அந்த ஊரைச் சுற்றி விற்ற மருந்து. ‘அன் கோ’, ‘பிரதர்ஸ்’ என்று முடியும் கூட்டு நிறுவனங்கள் 1932 கூட்டாண்மைச் சட்டப்படி பதிவு செய்திருந்தால், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துப் பதிவேட்டில் பங்காளிகள் விவரமும் கலைந்த தேதியும் இருக்கும். படம் போட்ட வணிகக்குறிக்கு எண் இருந்தால் வணிகக்குறிப் பதிவகத்தின் இணையத் தேடலில் போடலாம், மருந்துகள் 5-ஆம் வகுப்பு.

விளம்பரங்களைத் தேட ஊரிலேயே நல்ல இடங்கள் உண்டு. கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூட ஆண்டு மலர், பஞ்சாங்கத்தின் பின்பக்கம். சென்னைக்குப் போனால் எழும்பூர் ஆவணக் காப்பகமும் தரமணி ரோஜா முத்தையா நூலகமும். போகாமலேயே தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய இதழ்களைப் புரட்டலாம். நிக்கல்சன் 1887-இல் எழுதிய கோயமுத்தூர் ஜில்லா மேனுவல் ஊர்ப்பெயர்களுக்கும் நோய்களுக்கும் உதவும். ஊர்ப்பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடாதீர்கள். திருப்பூருக்கு ஆங்கிலத்திலேயே நாலு விதம் உண்டு.

பெரியவர்களைக் கேட்பதுதான் வேகமான வழி. ஆனால் “இது எந்த வருசம்?” என்று ஆரம்பித்தால் பதில் வராது. பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு, “ஏனுங்கம்மிச்சி, அப்பெல்லாம் காச்சல்னா எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்க? பாட்டலு ஊட்லயிருந்தே கொண்டுபோகோணுமா? மருந்து என்ன நெறம்?” என்று கேளுங்கள். வருடத்துக்குப் பதிலாக, “பெரியவன் பொறக்கறதுக்கு முன்னால”, “ஊருக்குக் கரண்ட் வந்த வருசம்” என்று வரும். அதை அப்படியே எழுதிக்கொண்டு, பிறகு வேறு ஒருவரிடம் அந்த நிகழ்ச்சிக்குத் தேதி கேளுங்கள். கோவையின் பிளேக் மாரியம்மன் கோயில்களைப் போல நோய் பெயரில் கோயில் இருக்கும் தெருக்களில் இந்தப் பேச்சு சீக்கிரம் சூடு பிடிக்கும். இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னது ஒத்துப்போனால் மையில் எழுதுங்கள், ஒருவர் மட்டும் சொன்னது பென்சிலில் இருக்கட்டும்.

பதிவேட்டில் ஒரு பாட்டிலுக்கு ஒரு பக்கம். கிடைத்த இடம், உயரம், அடி விட்டம், எடை, கொள்ளளவு, நிறம், அச்சுக் கோடு, அடி எழுத்து, லேபிள் வாசகம் எழுத்துப் பிழையோடு அப்படியே, பேசியவர் சொன்னது. கண்ணாடிக் காலம், லேபிள் காலம் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள். பொறித்த எழுத்தைப் படம் எடுக்க, பாட்டிலுக்குள் கறுப்புச் சார்ட் அட்டையைச் சுருட்டிவிட்டு, பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம் படும்படி வைத்து, எழுத்தின்மேல் முகப்பவுடர் தேய்த்து ஒற்றினால் தெளிவாக வரும். எண்ணைப் பாட்டிலில் பெயின்ட்டால் எழுதாமல் கழுத்துச் சீட்டில் எழுதுங்கள்.

வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இணையத்தில் கேட்பார்கள். நூறு வருடம் தாண்டிய பொருள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடியது, தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. வயது சந்தேகமாக இருந்தால் பார்சல் கட்டும் முன் இந்தியத் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்.